கணக்கில் வராத ஞாயிறு

திருப்பூரை அடுத்த மங்கலத்தில் ஒரு குடும்பம் பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புவதென்று முடிவு செய்தால் முதலில் எழுதப்படுவது ஒரு கணக்கு. கல்விக் கட்டணம், அறை வாடகை, விமானச் செலவு, விசாக் கட்டணம், வங்கிக் கடனுக்கு ஈடாக வைக்கும் காடு அல்லது தறி குடோன். ஜெர்மனி என்றால் ஓர் ஆண்டுச் செலவுக்காக முடக்கி வைக்க வேண்டிய 11,904 யூரோ. இங்கிலாந்து என்றால் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்ற விசா விதி. இந்த 20 மணி நேரம் கணக்கில் வரவுப் பக்கம் ஏறும்; அதில் பெரும்பகுதி சனி, ஞாயிறில்தான் விழும். ஆக, சனியும் ஞாயிறும் இந்தக் கணக்கில் வரவாக இருக்கின்றன, அல்லது இல்லவே இல்லை. அந்த இரண்டு நாளில் பிள்ளை யாரோடு சாப்பிடும், எங்கே நடக்கும், எந்தக் கூட்டத்தில் போய் உட்காரும் என்பதற்கு நோட்டில் ஒரு வரிகூடக் கிடையாது. மலையடிவாரத்தில் நண்பர்களோடு நிற்கும் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்துவிட்டால், ‘படிக்கறதுக்குப் போனயா, ஊர் சுத்தறதுக்குப் போனயா?’ என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியில் ‘அல்லது’ என்ற சொல் ஒளிந்திருக்கிறது. படிப்பு ஒரு பக்கம், ஊர் சுற்றல் எதிர்ப்பக்கம் என்ற பிரிவினை அதில் இருக்கிறது. அந்தப் பிரிவினை தவறு என்பதே என் வாதம். வெளிநாட்டுப் படிப்பில் வேறெங்கும் கிடைக்காத பாடம் பெரும்பாலும் வார இறுதியில்தான் நடக்கிறது. பாடநூலை மங்கலத்தில் இருந்துகொண்டே இறக்கிப் படித்துவிடலாம். அந்த ஞாயிற்றுக்கிழமையை இறக்க முடியாது.

இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதை மரியாதையோடு பார்க்க வேண்டும். பனியன் கம்பெனியில் நாளை அளப்பது ஷிப்ட். ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட் என்றுதான் பேச்சு. சனிக்கிழமை என்றால் வாரச் சம்பளம். மங்கலம், சோமனூர், பல்லடம், அவிநாசி விசைத்தறிக்காரர்களுக்கு ஓடின மீட்டருக்குத்தான் கூலி. தறி நின்ற நேரம் நட்டம். 2022 தொடக்கத்தில் கூலி உயர்வுக்காக இந்தப் பகுதித் தறிகள் வாரக்கணக்கில் நிறுத்தப்பட்டபோது, ஒவ்வொரு நாளின் விலையையும் ஒவ்வொரு வீடும் உணர்ந்தது. புவியியலாளர் சரத் சாரி 2004-இல் வெளியிட்ட திருப்பூர் பற்றிய ஆய்வு நூலில், கூலியாளாக இருந்து முதலாளியான கவுண்டர்கள் தம் உயர்வுக்குக் காரணமாகத் தம் உழைப்பையே முன்வைத்ததை விரிவாக ஆராய்கிறார். இது வெறும் பெருமைப் பேச்சு அல்ல. மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தவர்கள் ஓய்வில்லாமல் உழைத்த பின்னணியில்தான், ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் உருவானது. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பெற்றோருக்கு, கடன் வாங்கி அனுப்பிய பிள்ளை ஒரு நாள் முழுக்கச் சும்மா நடந்தான் என்பது மனம் ஒப்பாத செய்திதான்.

ஆனால் நம் பக்கத்து ஞாயிறு காலியான நாள் என்றும் சொல்லிவிட முடியாது. காதுகுத்து, சீர், நிச்சயம், குலதெய்வக் கோயில் கிடா விருந்து, புதுமனை புகுவிழா என்று அது நிரம்பி வழிகிறது. மங்கலத்துப் பிள்ளை பழகும் மனிதர்களில் பெரும்பாலோர் பிறப்பால் வந்தவர்கள்: பங்காளி, மாமன் மச்சான், அப்பாவின் தொழில் கூட்டாளி, அம்மாவின் ஊர்க்காரர். யாரோடு பேசுவது, யாருக்கு எந்த மரியாதை, யார் வீட்டில் சாப்பிடலாம் என்பதெல்லாம் அவன் முடிவெடுக்கும் முன்பே முடிவாகியிருக்கும். திருப்பூர்த் தொழிலே இந்த உறவுப் பிணைப்பின் மேல் எழுந்ததுதான். முதல் போட்டவரும் ஜாப் ஒர்க் கொடுத்தவரும் பல நேரம் சொந்தக்காரர்களே. இந்தப் பாதுகாப்பில் வளர்ந்தவர்கள் கற்காமல் விட்டது ஒன்று உண்டு. எந்த உறவும் இல்லாத மனிதரை, சாதி தெரியாமல், ஊர் தெரியாமல், அவரால் ஆகும் காரியம் தெரியாமல் சமமாக நாடிப் போய்ப் பழகுவது. வெளிநாட்டில் முதல் வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு முடிந்ததும் அந்தப் பாடம் தொடங்கிவிடுகிறது. ‘நாளைக்கு எங்கே போவது, யாரோடு?’ என்ற கேள்விக்கு அங்கே உறவு பதில் சொல்லாது.

வார இறுதி என்பதே துணித் தொழில் பெற்ற பிள்ளை என்பதை நம் பகுதி மறந்துவிட்டது. பிரிட்டனின் 1850-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவு ஆலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாதென்றது. அவர்கள் போய்விட்டால் ஆலை ஓடாது என்பதால் ஆண்களுக்கும் அந்த அரை நாள் கிடைத்தது. லங்காஷயர் ஆலை ஊர்களில் சனிக்கிழமை மதியத்துக் கால்பந்து ஆட்டம் வேரூன்றியது அந்த விடுப்பில்தான். நம் நாட்டில், பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களைத் திரட்டிய நாராயண் மேகாஜி லோகண்டே முன்னின்ற முயற்சியால் 1890 ஜூனில் அந்த ஆலைகளுக்கு ஞாயிறு விடுமுறை வந்தது. உலகத்தின் ஓய்வு நாளைப் பஞ்சுத் தூசியில் நின்றவர்கள் கேட்டு வாங்கினார்கள். நம் தையல் மேசையில் உருவாகும் டி-ஷர்ட்டும் அந்த ஓய்வு நாளுக்கான உடைதான். உலகத்தார் ஞாயிற்றுக்கிழமை உடுத்துவதைத் தைத்துக் கொடுத்து வாழும் ஊரின் பிள்ளைக்கு, அந்த நாளின் மேல் எந்த உரிமையும் இல்லை என்று நாம் ஏன் நினைக்க வேண்டும்?

மான்செஸ்டரில் படிக்கும் மாணவர் ஒருவர் ஞாயிறு காலை ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஈடேல் என்ற சிற்றூரில் இறங்கலாம். அங்கிருந்து கிண்டர் ஸ்கௌட் மேட்டுக்கு நடைபாதை போகிறது. 1932-இல் அந்த மேடு பெரும் நிலக்கிழாருடைய வேட்டைக் காடு, நுழையத் தடை. அவ்வாண்டு ஏப்ரல் 24, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மான்செஸ்டர்ப் பகுதி இளந்தொழிலாளர்கள் நானூறு பேர் அளவில் திரண்டு தடையை மீறி மேலே ஏறினார்கள். முன்னே நின்ற பென்னி ராத்மனுக்கு இருபது வயது. ஆறு பேர் கைதாகி, ஐவர் சிறை சென்றார்கள். 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அந்த மலைப்பகுதி அறிவிக்கப்பட்டதற்குப் பின்னால் இந்த நடையின் நினைவும் இருந்தது. கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெருமையோடு அழைக்கிறோம். ஆலையையும் நூலையும் அங்கிருந்து எடுத்துக்கொண்ட நாம், வாரம் முழுக்க ஆலையில் நின்றவன் ஞாயிறன்று மலையில் நடக்கும் உரிமைக்காகச் சிறைக்குப் போனான் என்ற பாதிக் கதையை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மேட்டில் நடக்கும் மங்கலத்து மாணவியின் நடை ஊர் சுற்றலா, தொழில் வரலாற்றுப் பாடமா என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது.

ஜெர்மனியில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். அங்கே ஞாயிறு அரசியலமைப்பின் காவலில் இருக்கிறது. உழைப்பிலிருந்து ஓய்வும் மன உயர்வும் தரும் நாளாக அது காக்கப்பட வேண்டும் என்று 1919-ஆம் ஆண்டு வைமர் அரசியலமைப்பு சொன்னதை, 1949-இன் அடிப்படைச் சட்டமும் அப்படியே ஏற்றுக்கொண்டது. கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். புதிதாகப் போன நம் மாணவர்களுக்கு அன்று ஊரே செத்துக் கிடப்பதுபோலத் தோன்றும். கொஞ்ச நாளில் தெரிய வரும்: ஊர் செத்துக் கிடக்கவில்லை, காட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறது. ராய்ட்லிங்கன் நகரத்தை எடுத்துக்கொள்ளலாம். 1855-இல் நெசவுப் பள்ளியாகத் தொடங்கிய உயர்கல்வி நிறுவனம் அங்கே இருக்கிறது. ஜவுளிப் படிப்பு தேடுவோருக்குத் தெரிந்த பெயர். பக்கத்திலேயே சுவாபிய மலைத்தொடர். அதில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடைபாதைகளுக்கு வழிக்குறி இட்டுப் பராமரிப்பது 1888-இல் தொடங்கிய ஒரு நடையர் சங்கம். செய்வதெல்லாம் ஊதியம் வாங்காத உறுப்பினர்கள். அதே மலைமேல் ஆல்ப்ஸ்டாட் என்ற ஊர். நம் நிட்டிங் குடோன்களில் ‘மேயர்’ என்று சொல்லப்படும் வட்டப் பின்னல் இயந்திரத்தின் பிறப்பிடம் அதுதான். ஒரு காலத்தில் அந்த மலையூர்கள் நெடுக உள்ளாடைப் பின்னல்தான் தொழில். அந்தத் தொழிலில் பெரும்பகுதி போன பிறகும் ஓர் ஊர் எப்படி ஊராக இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை அங்கே நடக்க வேண்டும். பாடல் குழு, தீயணைப்புத் தொண்டர் படை, விளையாட்டு மன்றம், நடையர் சங்கம் என்று மனிதர்கள் உறவு பார்க்காமல் சேர்ந்து நடத்தும் அமைப்புகளை அங்கே பார்க்கலாம். ஏழு பேர் கூடினால் அங்கே ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். எந்த வகுப்பறையும் இதைப் பாடமாக நடத்துவதில்லை.

தமிழர்களின் வெளிநாட்டுப் படிப்பு வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. லண்டன் ஹைகேட் குன்றின்மேல் 1905-இல் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா திறந்த ‘இந்தியா ஹவுஸ்’ மாணவர் விடுதியாகத்தான் தொடங்கியது. அதன் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்கள்தான் அதை வரலாற்றில் ஏற்றின. பாரிஸ்டர் படிப்புக்குப் போன வரகனேரி வ.வே.சு. ஐயரும், மருத்துவம் படிக்கப் போன தி.சே.சௌ. ராஜனும் அந்த வட்டத்தில் இருந்தார்கள். 1909 அக்டோபர் 24-ஆம் தேதி, அதுவும் ஒரு ஞாயிறு, அந்த மாணவர்கள் லண்டனில் விஜயதசமி விருந்து நடத்தினார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தி தலைமை. பேசியவர்களில் சாவர்க்கர் ஒருவர். விருந்துக்கு முன்பே வந்து, காய் நறுக்குவதிலும் பாத்திரம் கழுவுவதிலும் ஓசையின்றிக் கை கொடுத்துக்கொண்டிருந்த மெலிந்த மனிதர்தான் அன்றைய தலைவர் என்பது மாணவர்களுக்குப் பிறகே தெரிந்தது என்ற செய்தி, ராஜனின் நினைவுக் குறிப்புகள் வழியாகத் தமிழில் நிலைத்துவிட்டது. மூன்று வாரம் கழித்துக் கப்பலில் திரும்பும்போது காந்தி ‘இந்து சுயராச்சியம்’ எழுதினார். லண்டனில் சந்தித்த வன்முறை வழி இந்தியர்களுக்கான மறுமொழியாக அது பிறந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். வ.வே.சு. ஐயர் பாரிஸ்டர் படிப்புக்காகத்தான் போனார். அவரை அவராக்கியது, கூடிச் சமைத்துச் சாப்பிட்டுச் சண்டையிட்ட அந்த ஞாயிறுகள். ராஜன் பின்னர் காங்கிரஸ் தலைவராகி 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் இடம்பெற்றார். அவருக்கு மருத்துவத்தைக் கற்றுத் தந்தது கல்லூரி. அரசியலை அந்தச் சாப்பாட்டு மேசை கற்றுத் தந்தது.

கொங்கு மண்ணுக்கே வருவோம். திருச்செங்கோட்டுக்கு அருகில் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்து ப. சுப்பராயன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். அவருடைய மனைவி ராதாபாயும் அங்கே படித்தவர். பிள்ளைகளையும் அவர்கள் இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். மோகன் குமாரமங்கலம் ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து, 1938-இல் கேம்பிரிட்ஜ் யூனியன் என்ற விவாத மன்றத்தின் தலைவரானார். தங்கை பார்வதி ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். அங்கே இந்திய மாணவர்களுக்கு ‘மஜ்லிஸ்’ என்றொரு மன்றம் 1896 முதல் இருந்தது. அது கூடியது ஞாயிறு மாலைகளில். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர், ஜெர்மனியில் ஹிட்லர், இந்தியாவில் விடுதலைப் போராட்டம் என்று அந்த ஆண்டுகளின் மாணவர் கூட்டங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. அந்தக் கொதிப்பில் பொதுவுடைமையராகித்தான் அண்ணனும் தங்கையும் ஊர் திரும்பினார்கள். ஜமீன் வீட்டுப் பெண், பார்வதி கிருஷ்ணனாகக் கோவையில் பஞ்சாலைத் தொழிலாளர் நடுவிலும் தோட்டத் தொழிலாளர் நடுவிலும் வாழ்நாள் முழுக்கச் சங்கம் கட்டினார். 1957-இலும் பின்னர் 1974, 1977 ஆண்டுகளிலும் கோவையின் நாடாளுமன்ற உறுப்பினரானார். கோவை ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த சில உரிமைகளுக்குப் பின்னால், வெளிநாட்டில் படித்த ஒரு பெண்ணின் மாணவர் காலத்து மாலைப் பொழுதுகளும் இருக்கின்றன. அவர் கொள்கையை ஏற்பவரும் ஏற்காதவரும் இதை மறுக்க முடியாது.

‘அவர்கள் ஜமீன் பிள்ளைகள்; கடன் கட்டவேண்டிய கவலை அவர்களுக்கு ஏது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, சுப்பராயன் வீட்டுக்குப் பொருந்தவும் செய்யும். ஆனால் கிண்டர் மேட்டில் ஏறியவர்கள் ஜமீன்தார்கள் அல்ல, கைக்கும் வாய்க்குமாக வாழ்ந்த தொழிலாளர்கள். 1888-இல் லண்டன் போன காந்தியும் பணக்கார மாணவர் அல்லர். சாதி விலக்கைச் சுமந்துகொண்டு, பணத்துக்கு அண்ணனை எதிர்பார்த்துப் போனவர். அவருடைய மாணவர் வாழ்க்கை நம் வாதத்துக்கு இரண்டு பக்கமும் காட்டுகிறது. தொடக்கத்தில் கனவான் ஆகவேண்டும் என்று உயரத் தொப்பியும் மாலை நேர உடையும் வாங்கினார். நடன வகுப்புக்கும் வயலினுக்கும் பணம் கட்டினார். மூன்று மாதத்தில் அந்த மயக்கம் தெளிந்தது. பிறகு செலவை அரைக்காசு விடாமல் எழுதி, பாதியாகக் குறைத்து, தானே சமைத்து, வண்டிக் காசை மிச்சம் பிடித்து மைல்கணக்கில் நடந்தார். அப்படிச் சிக்கனமாக வாழ்ந்த காலத்தில்தான் சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் சேர்ந்ததும், தான் குடியிருந்த பேஸ்வாட்டர் பகுதியில் சிறு சைவ மன்றம் ஒன்றைத் தொடங்கிச் செயலாளரானதும். அந்த மன்றம் சில மாதமே நடந்தது. இருந்தாலும் ஓர் அமைப்பை நடத்தும் பயிற்சி சிறிதளவு அங்கே கிடைத்ததாகத் தன் வரலாற்றில் எழுதுகிறார். வாங்கிய தொப்பியும் வயலினும் அவருக்கு எதையும் தரவில்லை. சம்பளமில்லாமல் ஏற்ற செயலாளர் பொறுப்பு தந்தது. வார இறுதிக்கு ஆகும் செலவைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோர் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மூன்று நாளில் ஐந்து நகரம் பார்த்து, ஒவ்வொன்றின் கோபுரத்தடியிலும் படமெடுத்துத் திரும்பும் மின்னல் பயணங்களை நான் இங்கே ஆதரிக்கவில்லை. அவை வாங்கும் பொருள்கள். பணம் போனால் போனதுதான். நான் சொல்வது, ஒரே ஊரில் ஒரே கூட்டத்தோடு வாரந்தோறும் போய்ச் சேர்ந்து, மெல்ல மெல்ல ஓர் ஆளாகும் ஞாயிறுகளை.

அந்த ஞாயிறுகள் போதாமல் போனால் என்னாகும் என்பதற்கு ராமானுஜனைவிட வேதனையான சான்று நமக்கு வேண்டாம். 1914 ஏப்ரலில் இங்கிலாந்தில் இறங்கி 1919 வரை இருந்த அவருக்கு, கேம்பிரிட்ஜில் கணிதத்துக்குக் குறைவில்லை. ஞாயிறு காலைகளில் மகலனோபிஸ் போன்ற இந்திய நண்பர்களோடு நீண்ட நடை போனதுண்டு. அந்த நடைகளில் கணிதம் தாண்டித் தத்துவமும் பேசியிருக்கிறார். குளிரில் நடுங்கியவருக்குக் கம்பளிக்குள் எப்படிப் படுப்பது என்று காட்டிக் கொடுத்ததும் மகலனோபிஸ்தான். ஆனால் அந்த வட்டம் மிகச் சிறியது. போர் அதை மேலும் சுருக்கியது. தன் கையால் சமைத்த சைவச் சாப்பாடு, தனியறை, இரவெல்லாம் வேலை. ஒருமுறை விருந்துக்கு வந்த நண்பர்கள் இன்னொரு தடவை ரசம் வேண்டாம் என்றதும், மனம் நொந்து சொல்லாமல் கிளம்பி ஆக்ஸ்ஃபோர்டு போய்விட்டார். இதை மேதையின் விசித்திரமாக நினைத்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அது அப்படிப் படவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு விருந்துதான் இருக்கிறதென்றால் அதன் ரசக் கிண்ணத்தில் ஒரு மனிதனின் மானம் முழுக்க ஏறி உட்கார்ந்துவிடும். பத்து வீடுகளில் சாப்பிட்டுப் பழகியவருக்கு ஒரு மறுப்பு வலிக்காது. 1918-இல் லண்டன் சுரங்க ரயில் நிலையத்தில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். நோய், போர், உணவு என்று அதற்குப் பல காரணங்களை அடுக்கலாம். தனிமையை அவற்றின் கடைசியில் வைக்க முடியாது. இன்று வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளின் மனச்சோர்வைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலைக்கும், ‘சும்மா சுத்தாதே, அறையிலேயே இரு’ என்று அவர்களே சொல்லும் அறிவுரைக்கும் உள்ள தொடர்பை அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

கடன் என்ற தடை இன்னும் அப்படியே நிற்கிறது. அதைச் சொல்லால் தாண்டிவிட முடியாது. கிடங்கில் பெட்டி அடுக்கியோ, உணவகத்தில் தட்டுக் கழுவியோ, முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்த்தோ வாடகை கட்டும் மாணவரிடம் மலையேறப் போ என்று சொல்வது இரக்கமற்ற பேச்சு. அந்த வேலைக்கும் மதிப்பு உண்டு. முதியோர் இல்லத்தில் ஒரு கிழவியின் தலையைச் சீவிவிடும் மங்கலத்து இளைஞன், எந்த நடையர் சங்கத்திலும் கிடைக்காத ஒன்றைக் கற்கிறான். நான் கேட்பது இரண்டு நாளில் ஒன்றை. விசா விதியே இதற்கு இடம் தருகிறது. வாரத்துக்கு 20 மணி என்ற வரம்பை மீறாதவருக்குச் சனிக்கிழமையும் மற்ற மாலைகளும் போதும். வரம்பை மீறிக் கைக்காசுக்கு வேலை செய்பவர்தான் ஞாயிறையும் இழக்கிறார். அவர் விசாவையும் பணயம் வைக்கிறார். வீட்டிலிருந்து வரும் நெருக்கடிதான் பலரை அங்கே தள்ளுகிறது. ஆக, அனுப்பும்போதே கணக்கில் ஞாயிறைச் செலவுப் பக்கம் எழுதிவிடுவது நேர்மை. பெரிய தொகை அல்ல. ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்களில் பருவக் கட்டணத்தோடு ரயில், பேருந்துச் சீட்டும் சேர்ந்தே வந்துவிடுகிறது. ‘பழக்கம் வளர்த்தால் நாளைக்கு வேலை கிடைக்கும்’ என்று வெளிநாட்டுக் கல்வி ஆலோசகர்கள் விற்கும் வாதத்தை நான் கையிலெடுக்கவில்லை. வேலைக்காகப் பழகுபவர் பழகுவதில்லை, விண்ணப்பம் போடுகிறார். எதிரில் இருப்பவருக்கு அது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும்: ‘எங்கள் பிள்ளைகள் ஒன்றாகத்தானே இருக்கிறார்கள், சனிக்கிழமை பிரியாணி, ஞாயிறு கிரிக்கெட், தமிழ்ப் படம். அது சமூக வாழ்க்கை இல்லையா?’ ஆம், அதுவும் வேண்டும். அந்நிய மண்ணில் தாய்மொழியில் ஒரு சாயங்காலம் பேசிச் சிரிப்பது மருந்து. ஆனால் ஒரே கல்லூரி, ஒரே மாவட்டம், சில வேளை ஒரே சாதி என்று அந்த அறை சுருங்கும்போது மங்கலத்தையே விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கியதாகிவிடும். கேட்காமலே ஒருவர் சாதியை இன்னொருவர் தெரிந்துகொள்ளும் நம் திறமை கடல் தாண்டியும் மங்குவதில்லை. அதை உடைக்கக் கிடைத்த ஒரே இடத்தில் அதையே கட்டினால் போனதற்குப் பொருள் என்ன? தமிழர் நடுவிலேயே தாண்டவேண்டிய தூரம் பெரிது. 1983-க்குப் பின் அகதிகளாக ஐரோப்பாவுக்குப் போன ஈழத்தமிழர்கள், வாரம் முழுக்க உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்து, வார இறுதிகளைக் கொண்டே ஒரு சமூகத்தை மறுபடி கட்டினார்கள். ஜெர்மனியின் தமிழாலயங்களும் லண்டனின் தமிழ்ப் பள்ளிகளும் நடப்பது சனி, ஞாயிறில்தான். ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். இந்தியா ஹவுஸ் இருந்த அதே ஹைகேட்டில் இன்று ஒரு முருகன் கோயில் இருக்கிறது. நம் மாணவர்கள் இக்கோயில்களுக்குப் போகிறார்கள், அன்னதானத்தில் சாப்பிடுகிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். பரிமாறும் அம்மா எந்த ஊரை இழந்து வந்தவர் என்று கேட்டு அமர்ந்தவர் குறைவு. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் ஒரு மணி நேரம் அகரம் சொல்லிக்கொடுக்க முன்வந்தால், அந்த வீடுகளின் கதவுகள் திறக்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றிய அச்சத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். மகன் வார இறுதியில் எங்கே போனான் என்று ஒருமுறை கேட்கும் வீடு, மகளிடம் இருப்பிடத்தைக் கைபேசியில் அனுப்பச் சொல்கிறது. அடியில் கிடப்பது பாதுகாப்புக் கவலை மட்டும் அல்ல, யாரையாவது விரும்பிவிடுவாளோ என்ற பயம். பாதுகாப்புக் கவலைக்கு அடிப்படை உண்டு. 2009-இல் மெல்போர்னில் இந்திய மாணவர்கள் தாக்கப்பட்டதும், 2024 ஆகஸ்டில் இங்கிலாந்து நகரங்களில் வெளிநாட்டவருக்கு எதிராகக் கலவரம் மூண்டதும் மறக்கக்கூடியவை அல்ல. ஆனால் அப்படியொரு நாளில் காவலாக நிற்பவர்கள் யார்? கதவைத் தட்டி ‘நீ நலமா?’ என்று கேட்கும் பக்கத்து அறைக்காரி, துணைக்கு வருகிறேன் என்று சொல்லும் நடைத்தோழி, தெரிந்த கோயில், தெரிந்த மன்றம். யாரோடும் பழகாதவளுக்கு அன்றைக்கு யாருமில்லை. இரண்டாவது பயத்துக்கு என்னிடம் ஆறுதல் இல்லை. தன் வாழ்வைத் தானே முடிவு செய்யும் ஆளாக ஒரு பெண் திரும்பி வருவாள் என்பது உண்மைதான். படிக்க அனுப்புகிறவர்கள் அதற்கும் சேர்த்தேதான் அனுப்புகிறார்கள்.

இந்தப் பிள்ளைகளில் பலர் ஒருநாள் திரும்பி வந்து அப்பாவின் கம்பெனியில் உட்காருவார்கள். அப்போது அவர்கள் மேசைக்கு வரும் வெளிநாட்டு வாங்குநர்களின் நடத்தை விதிகளில் ஒரு வரி இருக்கும்: ஏழு நாளில் ஒரு நாள் கட்டாய விடுப்பு, மிகைநேரம் உள்பட வாரம் 60 மணிக்கு மேல் வேலை கூடாது. பெரும்பாலான முதலாளிகளுக்கு அது தணிக்கைக்காரர் வரும் நாளுக்கான காகிதம். மங்கலம் சாலையில் ஞாயிறு மாலை நடந்தால் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் இளைஞர்களையும் பெண்களையும் கூட்டங்கூட்டமாகப் பார்க்கலாம். செல்போன் கடை முன்னால், பேருந்து நிறுத்தத்தில், நொய்யல் பாலத்தில். அவர்களும் அந்நிய ஊரில், புரியாத மொழியில், ஒற்றை விடுப்பு நாளை யாரோடு கழிப்பதென்று தேடுகிறவர்கள்தான். ‘வடக்கத்தியான்’ என்ற ஒரே சொல்லில் அவர்களை ஒதுக்கிவிட்டுப் போகிறது நம் ஊர். ஷிப்மெண்ட் அவசரத்தில் அந்த ஞாயிறும் பல வாரங்களில் பறிபோகிறது. லண்டனிலோ ராய்ட்லிங்கனிலோ சனிக்கிழமைச் சம்பளத்தோடு ஞாயிற்றுத் தனிமையையும் வாங்கிக்கொண்டு, பிறகு யாரோ ஓர் அந்நியர் ‘வா, நடக்கப் போகலாம்’ என்று அழைத்ததால் மீண்ட ஒருவர் அந்தக் கம்பெனியின் பொறுப்புக்கு வரும்போது, மாதத்தின் நான்கு ஞாயிறையும் தன் தொழிலாளிக்கு விட்டுக்கொடுக்கிறாரா என்பதை நான் கவனித்துக்கொண்டிருப்பேன். விடுதிக்குப் பக்கத்தில் ஒரு பந்து மைதானம், தமிழ் கற்க விரும்பும் ஒடிசாப் பெண்ணுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரு மொழிக்காரரும் சேர்ந்து சமைக்கும் ஒரு சாப்பாடு: இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு கல்விக் கடனின் ஒரு மாதத் தவணையைத் தாண்டாது.